கழுவி வந்த கரியர்

போன கிழமை உங்கள் உரைபெயர்ப்புப் பயிற்சி வகுப்பில் ஒரு தங்கச்சி எழும்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “மிஸ், சாட்சிக் கூண்டிலை நிக்கிற ஆள் எங்களைப் பாத்து, ‘இதை உவைக்குச் சொல்லாதேங்கோ’ எண்டு சொன்னால், அதையும் மொழிபெயர்க்க வேணுமோ?” வகுப்பில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு, “ஓம், அதையும் சொல்ல வேணும்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்தப் பதில் மனதை உறுத்தியது. சட்டப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வி ஒரு நாள் உண்மையாகவே என் முன்னால் வந்து நின்றது. நின்றது ஒரு தாய். நீங்கள் சிரித்த இடத்தில் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லாமல் ஒரு வரியை மட்டும் உங்கள் கையில் தந்து அனுப்புவது நியாயமில்லை என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா ரயில்வேயில் வேலை செய்தார். தெற்கில் ஒரு சின்ன ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் என் பிள்ளைப் பருவம் கழிந்தது. சிங்களம் நான் படித்து வந்த மொழி அல்ல. அயல்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, சண்டைபிடித்து, கோபம் தீர்ந்து வந்த மொழி. கலவரத்தில் வீட்டை விட்டு யாழ்ப்பாணம் வந்த பிறகு, அந்த மொழிதான் எனக்குச் சோறு போட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்து நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான்.

நான் சொல்லப்போவது இராணுவம் குடாநாட்டைப் பிடித்து, இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்து, உடைந்த வீடுகளுக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்த காலத்துக் கதை. நீதிமன்றம் திறந்துதான் இருந்தது. நீதவான் வந்தார், சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு வந்தார்கள், முதலாம் வழக்கு, இரண்டாம் வழக்கு என்று கூப்பிட்டார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒருவனைப் பிடிப்பதும் விடுவதும் வேறு இடங்களில் தீர்மானிக்கப்பட்டன. சந்திக்குச் சந்தி முகாம் இருந்தது. ஒரே சந்தியில் ஒரே காலையில் பிடிபட்ட இருவரில் ஒருவன் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேருவான், மற்றவன் வரமாட்டான். முதலாமவனை ஏன் விட்டார்கள் என்றும் தெரியாது, இரண்டாமவனை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. தாய்மார் முகாம் வாசலில் போய்க் கேட்டால், “இங்கே இல்லை, அடுத்த முகாமில் கேள்” என்று கையைக் காட்டுவார்கள். சிங்களம் தெரியாத தாய்க்கு அந்தக் கை மட்டும்தான் விளங்கும்.

அந்த இடத்தில்தான் தரகர்கள் முளைத்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். முகாமுக்குள் போய்வரக்கூடியவர்கள். “நான் கதைச்சு எடுத்துத் தாறன்” என்பது அவர்களுடைய முதல் வசனம். உள்ளே யாருக்குப் பங்கு போனது, எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து யாரும் கண்ணை மூடிக்கொள்ளாமல் அந்த வியாபாரம் நடந்திருக்க முடியாது.

அவர்களில் ஒருவர் தெற்கில் கடை வைத்திருந்து வந்தவர். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மோட்டார் சைக்கிளில் திரிந்தவர். ஒரு நாள் மதிய இடைவேளையில் நீதிமன்ற வளவுக்குள் என்னிடம் வந்தார்.

“அக்கா, நீங்களும் நானும் ஒரே தொழில்தானே செய்யிறம். நீங்கள் கோட்டிலை கதைக்கிறியள், நான் காம்பிலை கதைக்கிறன்.”

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

“பிள்ளையைத் தேடி வாற சனம் முதல் உங்களிட்டைத்தானே வருதுகள். என்ரை பேரைச் சொல்லி விட்டியளெண்டால் போதும். உங்களுக்கும் ஒரு குறையும் இராது.”

“எனக்கு இப்பவும் ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொழும்புக்குப் போக இராணுவத்திடம் நான் கேட்டிருந்த பாஸ் அதற்குப் பிறகு பலமுறை நிராகரிக்கப்பட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்ததோ இல்லையோ, நான் அறியேன். அந்தக் காலத்தில் எதற்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. காரணத்தை நாங்களே எங்கள் தலைக்குள் தேடிக் களைத்துப்போக வேண்டியதுதான். அதுவும் ஒரு தண்டனை.

ஆனால் அவர் சொன்ன ‘ஒரே தொழில்’ என்ற சொல் என்னைக் குத்தியது. எங்களுக்கு இடையில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. நான் சொல்வதை எல்லாரும் கேட்க, பகிரங்கமாகச் சொன்னேன். அவர் சொல்வதைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை.

நீர்வேலியைச் சேர்ந்த சிவபாக்கியம் அம்மாவின் வழக்கு அதற்குப் பிறகு வந்தது. புருசன் இல்லை. வாழைத்தோட்டம் இருந்தது, ஒரே மகன் குகன் இருந்தான். ஒரு காலையில் அவன் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். உரும்பிராய்ச் சந்தியில் சுற்றிவளைப்பு. ஆண்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் நடக்கவிட்டார்கள். அந்தத் தலை ஆடிய இடத்தில் நின்றவர்களை வாகனத்தில் ஏற்றினார்கள். குகனும் ஏறினான். சைக்கிள் குலைகளோடு சந்தியில் நின்றது. யாரோ ஒருவர் அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து தந்தார். அந்தக் குலைகளை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவை வீட்டுக்குள்ளேயே பழுத்து விழுந்தன.

ஆட்கொணர்வு மனு ஒன்றைக் கொழும்பில் தாக்கல் செய்தார்கள். அந்தப் பகுதி நீதவான் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அங்கே உத்தரவிட்டார்கள். அப்படித்தான் அது எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதவான் தமிழர். அம்மாவின் சட்டத்தரணியும் தமிழர். எதிர்ப்பக்கத்தில் முகாமுக்குப் பொறுப்பான அதிகாரியும், அவருக்காக விமானத்தில் வந்து இறங்கிய அரச சட்டத்தரணியும். இவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

முதல் நாள் அதிகாரி எழுந்து தன் பதிலைச் சிங்களத்தில் சொன்னார். எங்கள் தொழிலின் முதல் விதி உங்களுக்குத் தெரியும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. அவருடைய ‘நான்’ எங்களுடைய ‘நான்’. ஆகவே அம்மாவைப் பார்த்து நான் தெளிவாகச் சொன்னேன்: “நான் அப்படி ஒருவரைக் கைது செய்யவில்லை. அன்றைக்கு உரும்பிராய்ப் பக்கம் சுற்றிவளைப்பு நடக்கவேயில்லை.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் பிள்ளை பொய் சொல்லுறாய்? உன்னைப் பாத்தால் நல்ல இடத்துப் பிள்ளை மாதிரிக் கிடக்கு.”

அதையும் அப்படியே அதிகாரியிடம் திருப்பினேன். “ஏன் பொய் சொல்கிறாய்?” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னபோது அவருடைய தாடை இறுகியது. கண் சுவருக்குப் போனது. பொய் சொல்லும்போது அந்த மனிதர் சுவரைப் பார்ப்பார் என்பதை அன்றுதான் கவனித்தேன். எங்கள் வேலையில் சொற்களுக்குக் காது கொடுத்தால் மட்டும் போதாது, முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகத்தில் கண்டதை மொழிபெயர்க்க எங்களுக்கு உரிமை இல்லை. என்றாலும் பார்த்து வைத்திருப்பது நல்லது.

வழக்கின் அடுத்த தவணை நாளில் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். மண்டபத்தில் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தேடுகிறவர்கள். தங்கள் வழக்கு இல்லாத நாளிலும் வந்து இருப்பார்கள். அம்மாவின் காதில் தோடு இல்லை. முதல் நாள் இருந்தது.

அரச சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார். சத்தம் போடவில்லை. மகன் இயக்கத்துக்குப் போயிருக்கலாம், வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம், இந்த முகாமில் இருக்கிறான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றெல்லாம் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும், “இல்லை, அவன் உங்கைதான் இருக்கிறான்” என்று மட்டும் சொன்னார். கடைசியில் அவர் கேட்டார்: “உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார் என்பதற்காவது உங்களிடம் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மாவுக்கு ஆவேசம் வந்தது.

“உயிரோடை இல்லையோ? போன வெள்ளிக்கிழமையும் நான் சமைச்ச சோறு சாப்பிட்டவன்! காம்பிலை உள்ளவைக்கெண்டு அந்த மோட்டார் சைக்கிள் தம்பியிட்டைத் தோட்டையும் தோட்டத்தையும் குடுத்து, கத்தரிக்காய்க் குழம்பும் முட்டையும் குடுத்துவிட்டனான். சாப்பாட்டுக் கரியர் கழுவித் திரும்பி வந்தது. வீட்டிலை ஒரு நாளும் தன்ரை கோப்பையைக் கழுவாதவன், அங்கை போய்க் கழுவப் பழகியிருக்கிறான் என்ரை பிள்ளை!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாயைப் பொத்தினார். பிறகு கூண்டின் கம்பியைப் பிடித்து என் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, இதை உவைக்குச் சொல்லாதை. சொல்லிப்போடாதை மோனை. வெளியிலை கதைச்சால் அவனைக் கொண்டுபோடுவாங்கள் எண்டு அந்தத் தம்பி சொன்னவர்.”

 அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. நீதவானுக்கு விளங்கியது. சட்டத்தரணிக்கு விளங்கியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசை வாங்குகளில் இருந்த தாய்மாருக்கு விளங்கியது. விளங்காதவர்கள் இரண்டே பேர். அவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சொன்னார்?” என்று அரச சட்டத்தரணி கேட்டார்.

நான் நீதவானைப் பார்த்தேன். அவர் பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து உதவி வராது என்று தெரிந்தது. வந்தால் அவர் நீதவானாக இருக்க முடியாது.

அந்தச் சில நொடிகளில் எனக்குள் ஓடியதை இப்போது ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். சொன்னால் அந்தப் பையனுக்கு என்ன நடக்கும் என்பது முதலில் வந்தது. அம்மாவின் கண் என் கண்ணை விடவில்லை. ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு, ‘சாட்சி அழுகிறார், பதில் சொல்லவில்லை’ என்று சொல்லிவிடலாம். பிறகுதான் வாசலில் நின்ற பொலிஸ்காரரை நினைத்தேன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பின்னேரத்துக்குள் இந்தச் செய்தி முகாமுக்குப் போகும். நான் சொல்லாவிட்டால் அது காதோடு காதாகப் போகும். நீதவான் கேட்க, சட்டத்தரணிகள் கேட்க, எழுத்தில் பதிய நான் சொன்னால், அந்தப் பையன் உள்ளே இருக்கிறான் என்று ஒரு தாய் பகிரங்கமாகச் சொன்னதாக அது நிற்கும். பிறகு அவனுக்கு எதைச் செய்தாலும் எல்லாருக்கும் தெரியச் செய்ய வேண்டும். அவன் உயிரோடு இருந்தால், அவனுக்கு அதுதான் காவல்.

அவன் உயிரோடு இருந்தால்.

நான் முழுவதையும் சொன்னேன். தோட்டையும், தோட்டத்தையும், கத்தரிக்காய்க் குழம்பையும், முட்டையையும், கழுவிய கரியரையும், ‘இதை இவர்களுக்குச் சொல்லாதே’ என்றதையும், கொன்றுவிடுவார்கள் என்றதையும். குரல் நடுங்காமல் சொன்னேன். அம்மா, “ஐயோ பிள்ளை” என்றார்.

நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும், பயம் வரும், கண் சுவருக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. அம்மாவையே நேராகப் பார்த்தார். தன் சொந்த வீட்டைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை வழிப்போக்கர் வந்து சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. பக்கத்தில் இருந்த சட்டத்தரணியிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்: “சாப்பாடா? எந்தச் சாப்பாடு?”

பிறகு எழுந்து நின்று, “எங்கள் முகாமுக்குள் வெளியிலிருந்து சாப்பாடு வருவதேயில்லை” என்றார்.

அவர் அந்த வழக்கில் எத்தனையோ பொய் சொன்னார். அது மட்டும் உண்மை. அது உண்மை என்பதுதான் கொடுமை. பையனை மறைத்து வைத்திருக்கிற ஒருவர் பதறியிருப்பார். இவரிடம் வெறும் ஆச்சரியம் இருந்தது. அந்தச் சோறு ஒரு நாளும் முகாம் வாசலைத் தாண்டவில்லை. சாப்பிட அங்கே குகன் இல்லை.

“எங்கள் முகாமுக்குள் வெளியிலிருந்து சாப்பாடு வருவதேயில்லை” என்று நான் தமிழில் சொன்னேன். அம்மா நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகனை வளர்த்தவர், வாழை வளர்த்தவர், சந்தையில் வியாபாரிகளின் முகத்தைப் பார்த்து விலை பேசியவர். அவருக்கு நான் தேவைப்படவில்லை.

“அப்ப…” என்றார்.  கூண்டுக்குள்ளேயே நிலத்தில் குந்திவிட்டார்.

‘அப்ப’ என்ற அந்த ஒரு சொல்லையும் நான் சிங்களத்தில் சொன்னேன். “எஹெனம்” என்றேன். அரச சட்டத்தரணி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். நீதவான் ஒத்திவைத்தார்.

பிறகு நீதவான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் உங்களைக் கேட்டிருக்கமாட்டன்” என்றார்.

“தெரியும் ஐயா.”

“பிறகு ஏன்?”

“வெளியிலை வேறை ஆராவது சொல்லுறதை விட, உங்களுக்கு முன்னாலை நான் சொல்லுறது சரியா இருக்கும் எண்டு நினைச்சன் ஐயா.”

 “நீங்கள் நினைச்சது சரி” என்றார். பிறகு, “ஆனால் இப்ப சரியானதைச் செய்தாலும் ஆரோ ஒருத்தருக்கு அடி விழுகுது” என்றார். அவர் என்னிடம் தன் மனதைத் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான். வேறு நல்ல நீதவான்களும் எனக்கு வாய்த்தார்கள். இந்த வேலையைப் பற்றி எனக்கு யாரும் கற்றுத்தந்ததில் அதைவிடப் பெரியது இல்லை.

அடி விழ அதிக நேரம் எடுக்கவில்லை. அம்மாவை நீதிமன்ற வாசலிலேயே கைது செய்தார்கள். மகனைப் பிடித்ததற்காக யாரையும் கைது செய்யவில்லை. மகன் பெயரில் தோட்டத்தையும் தோட்டையும் வாங்கித் தின்றதற்காக யாரையும் கைது செய்யவில்லை. படையினருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்று அந்தத் தாயைக் கைது செய்தார்கள். அந்த மோட்டார் சைக்கிள் தரகரையும் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் சந்தேகநபராக உள்ளே போய், சாட்சியாக வெளியே வந்தார்.

அம்மா தன் முன்னால்தான் அதைச் சொன்னார் என்பதால் எங்கள் நீதவான் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். பதில் நீதவான் ஒருவர் எடுத்தார். உரைபெயர்க்க வேறு ஆள் இல்லை. நான்தான்.

சாட்சிக் கூண்டில் ஏறிய தரகர் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். பொலிஸாருக்கும் படையினருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சிங்களத்தில்தான் சாட்சியம் சொல்வேன் என்றார். தமிழில் பிறந்து தமிழில் வளர்ந்த அந்த மனிதரின் சிங்களத்தை நான் தமிழாக்கி, எதிரிக் கூண்டில், குற்றம் சாட்டப்பட்டவராக நின்ற அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அதே விதி. அவருடைய ‘நான்’ என்னுடைய ‘நான்’.

“இந்த அம்மா முகாமில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி எனக்கு நகை தர வந்தார். நான் மறுத்துவிட்டேன்.”

அம்மாவைப் பார்த்து இதை நான் சொன்னேன். தங்கச்சிமாரே, தம்பிமாரே, என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான வசனம் அதுதான். அது என் வசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வந்தது என் வாயால். அம்மா இந்த முறை, ‘ஏன் பொய் சொல்லுறாய்’ என்று என்னைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். ‘உனக்கும் கஷ்டம்தான்’ என்பது போல. அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குறுக்கு விசாரணைக்கு அவருடைய சட்டத்தரணி எழுந்தார். அம்மா கையைத் தூக்கி, “ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ?” என்றார். பதில் நீதவான் அனுமதித்தார்.

“தம்பி, தோடும் தோட்டமும் போனது போகட்டும். நான் அதுகளைக் கேக்கேல்லை. அந்தக் கரியரை ஆர் கழுவினது?”

நான் அதைச் சிங்களத்தில் தரகரிடம் கேட்டேன். அவர் தமிழ் தெரியாதவர் போல நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சிங்களத்தில், “கேள்வி எனக்கு விளங்கவில்லை” என்றார்.

“கேள்வி எனக்கு விளங்கவில்லை” என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

“அவருக்கு விளங்கினது” என்றார் அம்மா. “பரவாயில்லை, விடுங்கோ.”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய மனைவி கழுவியிருக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டுக் கிணற்றடியில் யாரோ ஒருவர் அந்தக் கரியரைத் தேய்த்து, காயவைத்து, ஒரு தாய் நம்பும்படி அடுக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார். சாப்பிட்டதைவிடக் கழுவி அனுப்பியதை நினைக்கத்தான் எனக்கு மனம் பதறும். அதற்குள் ஒரு யோசனை இருந்திருக்கிறது.

அம்மா குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வயதைக் கருதி ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. அதற்கு முன் விளக்கமறியல் சிறையில் இருந்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆட்கொணர்வு மனுவும் நிற்கவில்லை. மகன் முகாமில் இருந்தான் என்பதற்கு அந்தச் சாப்பாடு ஆதாரம் என்று அம்மா சொன்னார், அந்த ஆதாரம் உடைந்துவிட்டது, ஆகவே மகன் முகாமில் இருந்ததற்கு ஆதாரமில்லை. எழுத்தில் வாசித்தால் நியாயம் போலவே இருக்கும். சந்தியில் அவன் வாகனத்தில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரும் வந்து சொல்லவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அதிகாரி பதவி உயர்ந்து போனார். தரகர் முகாம்களுக்கு மரக்கறி கொடுக்கும் ஒப்பந்தம் எடுத்தார். பிற்காலத்தில் கல்யாண மண்டபம் கட்டினார். அதில் ஒரு கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. என்னால் முடிந்த நீதி அவ்வளவுதான்.

அன்று அந்த மண்டபத்தில் நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்டால், சரியென்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ‘சரி’ என்பதோடு உங்கள் மனம் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். அநீதி நடத்துகிறவர்கள் எங்கள் சரியான சொல்லையும் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பாவிப்பார்கள். அதற்காகச் சொல்லை மாற்றத் தொடங்கினால், பிறகு எங்களுக்கும் அந்த மோட்டார் சைக்கிள் மனிதருக்கும் வித்தியாசமில்லை. முழுவதையும் சொல்லுங்கள். குரலை நடுங்கவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் அழுங்கள். நான் பல நாள் அழுதிருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போர் முடிந்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒன்றன்பின் ஒன்றாக ஆணைக்குழுக்கள் வந்தன. அதில் ஒன்று யாழ்ப்பாணத்தில் அமர்ந்தபோது, நீர்வேலியிலிருந்து ஒரு பெண் எனக்கு ரெலிபோன் எடுத்தார். சிவபாக்கியம் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். “அங்கை மொழிபெயர்க்க ஆக்கள் இருக்கினமாம். ஆனால் அம்மா நீங்கள் வந்தால்தான் வாய் திறப்பனெண்டு நிக்கிறா.”

நான் போனேன். அம்மா மெலிந்து, முதுகு வளைந்து போயிருந்தார். என்னைக் கண்டதும், “வந்திட்டியே பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

ஆணைக்குழுவில் நடுவில் இருந்தவர் முதியவர், சிங்களவர். அம்மா உள்ளே வந்தபோது எழுந்து நின்று கதிரையைக் காட்டினார். குகனைப் பற்றிக் கேட்டார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தரகரின் கதையையும் கேட்டார். கரியரின் கதை வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டார். கடைசியில், இவ்வளவு காலம் ஆகிவிட்டதால் மரணச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறது, அதை எடுத்தால் நட்டஈடும் கிடைக்கும், அம்மாவுக்கு அதில் சம்மதமா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவரிடம் கொடுக்க அதுதான் இருந்தது.

நான் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. யோசித்தார்.

“எடுக்கலாம் ஐயா. அதிலை எங்கை செத்தவன் எண்டு எழுதியிருக்குமோ?”

முதியவர் இல்லையென்று தலையசைத்தார்.

“எப்ப செத்தவன் எண்டாவது எழுதித் தருவியளோ? எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஆண்டுத் திவசம் செய்ய ஒரு திதி வேணும். அவன்ரை நாள் எதெண்டு தெரியாமல் நான் எந்த நாளிலை அவனுக்குச் சோறு படைக்கிறது?”

நான் கிறிஸ்தவப் பெண். திதி என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு விளக்கமாகச் சொன்னேன்: இறந்தவர் எந்த நாளில் போனார் என்று தெரிந்தால்தான், வருடாவருடம் அந்த நாளில் அவருக்குச் சாப்பாடு வைக்க முடியும், இந்தத் தாய் அந்த நாளைக் கேட்கிறார்.

அந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“எனக்குத் தெரியாது, அம்மா” என்றேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“சரி பிள்ளை, வா” என்றார். “வெயில் ஏற முன்னம் போவம்.”